ஸாஃபி என்றால் போதும்: மொராக்கோவில் காதில் விழுந்த சொற்கள்

மொராக்கோ போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் ஒரே சொற்பட்டியலைத்தான் கையில் திணிப்பார்கள். மதீனா, ஸூக், ரியாத், கஸ்பா, தஜீன். இவற்றை உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. பழைய நகரம் மதீனா, சந்தை ஸூக், நடுவில் தோட்டம் வைத்த வீடு ரியாத், கோட்டை வீடு கஸ்பா, கூம்பு மூடி போட்ட மண்சட்டியில் வெந்து வரும் உணவு தஜீன். போய் இறங்கிய அன்றே கடைப் பலகைகளும் விடுதிப் பலகைகளும் சொல்லிக்கொடுத்துவிடும். அங்கே உண்மையில் நம்மைக் காப்பாற்றுவது வேறு வகைச் சொற்கள். பேச்சைத் தொடங்குவதற்கு, மரியாதையாகக் கழன்றுகொள்வதற்கு, விலை புரிவதற்கு, தட்டில் என்ன வரப்போகிறது என்று தெரிந்துகொள்வதற்கு. இவை போக, வரைபடத்தில் இருக்கும் ஊர்ப்பெயர்களைப் பிரித்துப் படிக்க, அரபிக்கு முன்பிருந்தே அங்கே பேசப்படும் பெர்பர் மொழி கொஞ்சம். இந்தக் குறிப்பு அவற்றைப் பற்றித்தான்.

முதலில் வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வார்த்தை. என் கணவர் ஜித்தாவில் சில காலம் இருந்தவர். "அரபி நான் பார்த்துக்கறேன்" என்றுதான் கிளம்பினார். காஸாபிளாங்காவில் முதல் கடையிலேயே அந்த அரபி பாதி விலை போகவில்லை. மொராக்கோவின் பேச்சரபிக்கு தாரிஜா என்று பெயர். உயிரெழுத்துகளை விழுங்கிவிட்டு மெய்யெழுத்துகளை அடுக்கிப் பேசுவார்கள். நடுவில் பிரெஞ்சும் ஸ்பானியமும் பெர்பரும் கலந்திருக்கும். வளைகுடாவில் "மாஃபி" என்றால் இல்லை, இங்கே "மாகாய்ன்ஷ்". அங்கே "ஃகலாஸ்" என்று முடிப்பதை இங்கே "ஸாஃபி" என்பார்கள். "கம்?" என்று விலை கேட்டால் புரிந்துகொள்வார்கள், ஆனால் அவர்கள் கேட்பது "பிஷ்ஹால்?" நேராகப் போ என்பதற்கு "சீதா" கிடையாது, "நீஷான்". இரண்டு என்பதற்கு இத்னேன் இல்லை, "ஜூஜ்". இந்த ஜூஜ் தெரியாமல் பஸ் நிலையத்தில் டிக்கெட்டும் வாங்க முடியாது, தேநீரும் சொல்ல முடியாது. ("ஃக" என்று நான் எழுதும் இடமெல்லாம் தொண்டையைச் செருமுகிற ஒலி என்று கொள்ளுங்கள்.)

அடுத்தது வணக்கம். "ஸலாமு அலைக்கும்" எல்லோருக்கும் தெரியும். அதோடு நிறுத்திக்கொண்டால் பாதிதான் சொன்னதாக அர்த்தம். அதன் பின்னே "லாபாஸ்?" என்று ஒன்று வரவேண்டும். சௌக்கியமா என்கிற கேள்வி. பதிலும் அதே "லாபாஸ்"தான், கூடவே "அல்ஹம்துலில்லாஹ்". பிறகு "பிஃகைர்?" என்பார், "குல்ஷி பிஃகைர்?" என்பார், வீட்டில் எல்லோரும் நலமா என்பார். கேள்வியும் பதிலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டே போகும், யாரும் யாருடைய பதிலுக்கும் காத்திருக்க மாட்டார்கள். முதலில் பார்க்கும்போது வேடிக்கையாக இருக்கும். ஆனால் இந்தச் சுற்று முடியாமல் விலை கேட்பதும் வழி கேட்பதும் அங்கே முரட்டுத்தனம். மளிகைக்கடைக்காரர் "மூல் ல்ஹானூத்". ஆண்களை "ஃகூயா", அதாவது தம்பி, அண்ணன், பெண்களை "ஃக்தி", வயதான அம்மாக்களை "லல்லா" அல்லது "அல்ஹாஜ்ஜா". ஹஜ் போகாதவர்களையும் மரியாதைக்காக ஹாஜி என்பது வழக்கம், தயங்க வேண்டாம். கை குலுக்கியதும் அந்தக் கையை நெஞ்சில் வைப்பார்கள். ஆண் பெண் கை குலுக்கத் தயக்கம் இருக்கும் இடத்தில் நெஞ்சில் கை வைத்தாலே வணக்கம் முடிந்தது.

கழன்றுகொள்வதற்கான சொற்கள் ஃபெஸ் நகரத்தில்தான் அதிகம் தேவைப்பட்டன. ஃபெஸ்ஸின் பழைய நகரம் ஒரு கிண்ணம் மாதிரி பள்ளத்தில் கிடக்கிறது. 1981-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உள்ளே கார் வராது, கோவேறு கழுதைதான் லாரி. பின்னாலிருந்து "பாலாக்!" என்று கத்தல் கேட்டால் யோசிக்காமல் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். திரும்பி யார் என்று பார்க்கிற நேரத்துக்குள் எரிவாயு சிலிண்டரோ ஈரத் தோலோ உங்கள் தோளை உரசிக்கொண்டு போயிருக்கும். "பாலாக் பாலாக்" என்று இரண்டு முறை வந்தால் சுமை அகலம் என்று பொருள்.

அங்கே சந்துக்குச் சந்து ஓர் இளைஞர் நிற்பார். "அந்தப் பக்கம் வழி அடைப்பு, தோல் பதனிடும் இடம் இந்தப் பக்கம்" என்று கூடவே நடப்பார். வழி அடைத்திருக்காது. கோபப்பட்டும் பயனில்லை, பேச்சுக்கொடுத்தாலும் விடமாட்டார். நடையை நிறுத்தாமல், சிரித்தபடி, கையை நெஞ்சில் வைத்து "லா, ஷுக்ரன், ஸாஃபி" என்று ஒரு முறை. இதில் வேலை செய்வது கடைசிச் சொல்தான். "ஷுக்ரன்" மட்டும் சொன்னால் பேச்சு தொடரும். "ஸாஃபி" என்றால் முடிந்தது, போதும், சரி, கணக்கு தீர்ந்தது எல்லாம் அதற்குள் இருக்கிறது. தட்டில் மேலும் உணவு வைக்க வருகிறவரிடமும், பேரம் படிந்த கடைக்காரரிடமும், டாக்ஸியில் இறங்கும் இடத்திலும் இதே சொல்தான். பிச்சை கேட்பவரிடம் மட்டும் இது வேண்டாம். அங்கே "அல்லாஹ் யிஸஹ்ஹெல்" என்று சொல்வார்கள், இறைவன் உமக்கு எளிதாக்கட்டும் என்று. கொடுக்க முடியாததை இத்தனை மரியாதையாகச் சொல்ல ஒரு வாசகம் இருப்பதைக் கேட்டு, நம் "சில்லறை இல்லைப்பா"வை நினைத்துக்கொண்டேன்.

வழி தெரியவில்லை என்றால் தெருவில் நிற்பவரை விட்டுவிட்டு, கடைக்குள் உட்கார்ந்திருப்பவரைக் கேளுங்கள். அவர் கடையை விட்டுக் கூட வரப்போவதில்லை. இரண்டு சொல் தெரிந்தால் போதும். "த்லஅ" என்றால் ஏறு, "ஹ்பத்" என்றால் இறங்கு. ஃபெஸ்ஸின் இரண்டு பெரிய தெருக்களுக்கே தலஆ கபீரா, தலஆ ஸகீரா என்றுதான் பெயர், பெரிய ஏற்றம், சின்ன ஏற்றம். இறங்கிக்கொண்டே போனால் 859-ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் கரவிய்யீன் மசூதி. ஏறிக்கொண்டே போனால் பூஜலூத் வாசல். "தெர்ப்" என்று பலகை இருக்கும் சந்துகள் பெரும்பாலும் வீடுகளுக்குள் போய் முட்டி நின்றுவிடும். யாரையாவது பார்க்கப் போகாத பட்சத்தில் அதற்குள் நுழைய வேண்டாம்.

இப்போது காசு. இதை எந்தக் கையேடும் சரியாகச் சொல்வதில்லை. மொராக்கோ நாணயம் திர்ஹாம். ஆனால் சந்தையில், குறிப்பாக வயதானவர்கள், ரியாலில்தான் விலை சொல்வார்கள். ரியால் என்று ஒரு நாணயம் கையில் புழங்குவதே கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் பிராங்க் இருந்தது, ஐந்து பிராங்க் ஒரு ரியால். 1960-ல் திர்ஹாம் வந்தபோது நூறு பிராங்க் ஒரு திர்ஹாம் ஆனது. ஆக ஒரு திர்ஹாமுக்கு 20 ரியால். காசு போனது, கணக்கு போகவில்லை. நாணயம் மறைந்து எத்தனையோ காலம் ஆன பிறகும் நம் தாத்தாக்கள் நாலணா, எட்டணா என்று சொல்லிக்கொண்டிருந்த கதைதான்.

மராகேஷுக்குத் தெற்கே, மலை தொடங்கும் இடத்தில் அஸ்னி என்றொரு ஊர். சனிக்கிழமை சந்தை. வாசலில் கோவேறு கழுதைகளை நிறுத்த ஒரு பெரிய திடலே இருக்கிறது. நம்மூர்த் திருமண மண்டபத்தில் பைக் நிற்கிற நெருக்கத்தில் நிற்கும். உள்ளே தார்ப்பாயின் மேல் வாதுமைக்கொட்டையைக் குவித்து ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். லாபாஸ் எல்லாம் முடிந்து "பிஷ்ஹால்?" என்று கேட்டேன். "அல்ஃப் உ மியதேன்" என்றார். ஆயிரத்து இருநூறு! பக்கத்தில் நின்ற ஒரு வெளிநாட்டுக்காரப் பெண்மணி அந்த எண்ணைக் கேட்டதும் தோளைக் குலுக்கிவிட்டு நகர்ந்துவிட்டார். கணக்கு எளிது. கடைசி சைபரை எடுங்கள், மீதியைப் பாதியாக்குங்கள். 1200 ரியால், 120, அதில் பாதி 60. கிலோ 60 திர்ஹாம். பெரியவர் ஒரு கொட்டையைக் கையால் நொறுக்கி, பருப்பை என் உள்ளங்கையில் வைத்து, சாப்பிட்டுப் பார் என்று சைகை காட்டினார். அதன் பின் பேரம். "காலி பிஸ்ஸாஃப்" என்றால் விலை ரொம்ப அதிகம். இதைச் சிரிப்போடு சொல்ல வேண்டும். அவரும் சிரித்துக்கொண்டே மறுப்பார். ஒத்துக்கொண்டால் "வஃகா". வஃகா வந்த பிறகு மறுபடி குறைக்கக் கேட்பதைச் சந்தையில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

விலை விஷயத்தில் சந்தேகம் வந்தால் "திர்ஹாம் உல்லா ரியால்?" என்று கேட்டுவிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. உள்ளூர் இளைஞர்களே அப்படிக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். நகரங்களில் சிலர் பிராங்க் கணக்கும் சொல்வார்கள், ஆயிரம் பிராங்க் என்றால் பத்து திர்ஹாம்.

சந்தை என்றதும் இன்னொன்று. மொராக்கோ வரைபடத்தில் கிழமைகளே ஊர்களாக இருக்கும். ஹத் என்றால் ஞாயிறு, த்னீன் திங்கள், த்லாத்தா செவ்வாய், லர்பஆ புதன், ஃக்மீஸ் வியாழன், ஜுமுஆ வெள்ளி, ஸப்த் சனி. எஸ்ஸவீராவுக்குப் பக்கத்தில் ஹத் த்ரா, ஊரிக்கா பள்ளத்தாக்கில் த்னீன் ஊரிக்கா. பெயரே சந்தை நாளைச் சொல்லிவிடுகிறது. அந்தக் கிழமையில் போனால் ஷேர் டாக்ஸி நிறைய ஓடும், முடிதிருத்துபவர் முதல் பல் பிடுங்குபவர் வரை எல்லோரும் அங்கே. மற்ற நாளில் போனால் காலி மைதானமும் இரண்டு நாய்களும்தான். நம்மிடம் வெள்ளிச்சந்தை, செவ்வாய்ச்சந்தை என்று பேச்சில் உண்டு, ஊருக்கே அப்படிப் பெயர் வைத்ததை அங்கேதான் வரிசையாகப் பார்த்தேன்.

அஸ்னியைத் தாண்டி மேலே ஏறினால் இம்லில். வட ஆப்பிரிக்காவின் உயரமான சிகரமான 4,167 மீட்டர் தூப்கால் ஏறுகிறவர்கள் அங்கிருந்துதான் புறப்படுகிறார்கள். அரபி அங்கே இரண்டாம் மொழியாகிவிடுகிறது. வீட்டிலும் வயலிலும் பேசுவது தஷில்ஹித். பெர்பர் மொழிகள் மொராக்கோவில் மூன்று பெரும் பிரிவாகப் பேசப்படுகின்றன. வடக்கே ரீஃப் மலைகளில் தரீஃபித், நடு அட்லஸ் மலைகளில் தமஸிக்த், தெற்கே உயர் அட்லஸ், ஸூஸ் பக்கம் தஷில்ஹித். பெர்பர் என்பது வெளியார் வைத்த பெயர். அவர்கள் தங்களை அமஸிக் என்கிறார்கள், பன்மையில் இமஸிகன். சுற்றுலாக் கடைகளில் அவர்களே "பெர்பர் கம்பளம்" என்று கூவி விற்பார்கள், அது வியாபாரம். வீட்டுக்குள் உட்கார்ந்து பேசும்போது அமஸிக் என்று சொன்னால் முகம் மலர்வதைப் பார்க்கலாம். "ஷ்லுஹ்" என்றும் நகரத்தில் காதில் விழும். அதில் சில சமயம் ஏளனம் இருக்கும், நாம் எடுத்துப் பயன்படுத்த வேண்டிய சொல் அல்ல.

"அஸூல்" என்று வணக்கம் சொல்லுங்கள் என்று இணையம் முழுக்க எழுதியிருக்கிறார்கள். இளைஞர்களிடம், மொழிப்பற்று உள்ளவர்களிடம் அது நன்றாகவே எடுபடுகிறது. ஆனால் மலையூர்ப் பெரியவர்கள் தங்களுக்குள் ஸலாம்தான் சொல்லிக்கொள்கிறார்கள். அதன் பின்னே "மன்ஸாகின்?" என்று நலம் விசாரிக்கிறார்கள். நன்றிக்கு "தன்மிர்த்". இந்தச் சொல் மட்டும் எல்லா வயதினரிடமும் வேலை செய்தது.

இம்லிலுக்கு மேலே ஒரு கிராமத்தில், நாங்கள் தங்கிய வீட்டு அம்மா தேநீர் போட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சின்னச் சின்ன உருண்டையாகச் சுருண்ட பச்சைத் தேயிலையைக் கெட்டிலில் போட்டு, கொதிநீர் கொஞ்சம் ஊற்றி, அந்த முதல் சாற்றை ஒரு கிளாஸில் தனியாக எடுத்து வைத்தார். அடுத்து இன்னொரு முறை நீர் விட்டு நன்றாகக் குலுக்கி அதைக் கொட்டிவிட்டார், அழுக்கும் கசப்பும் போக. எடுத்து வைத்த முதல் சாற்றை மறுபடி உள்ளே ஊற்றினார். பிறகு ஒரு கூம்புச் சர்க்கரை வந்தது, ஒரு முழம் உயரம் இருக்கும். கிளாஸின் அடியால் தட்டிக் கட்டியாக உடைத்துப் போட்டார். புதினாவை கைப்பிடியாகத் திணித்தார். ஒரு கிளாஸ் ஊற்றுவார், அதைத் திரும்பக் கெட்டிலிலேயே கவிழ்ப்பார். கரண்டி கிடையாது, கலக்குவதே இப்படித்தான். ருசி பார்த்துத் தலையசைத்த பிறகுதான் எங்களுக்கு. கெட்டில் தோளுக்கு மேலே போக, கிளாஸில் நுரை கட்டியது.

தட்டில் "அக்ரும்" என்கிற ரொட்டி, "தம்மென்த்" என்கிற தேன், ஆலிவ் எண்ணெய். தண்ணீர் "அமான்", தேநீர் "அதாய்". நான் ஒவ்வொன்றாகக் கேட்டு என் நோட்டில் எழுத, அவருடைய பேத்தி எட்டிப் பார்த்து, இது என்ன எழுத்து என்று கேட்டாள். பள்ளியில் அவள் படிக்கும் எழுத்து திஃபினாக், வட்டமும் கோடும் குறுக்குவெட்டுமாக இருக்கும். 2003-ல் பள்ளிகளுக்கு அதை ஏற்றார்கள். 2011 அரசியல் சாசனம் தமஸிக்த் மொழியை அரபியோடு ஆட்சிமொழியாக்கியது, இங்கே தமஸிக்த் என்பது எல்லாப் பிரிவுக்கும் சேர்த்த பொதுப்பெயர். இப்போது அரசு அலுவலக வாசலில் அரபி, திஃபினாக், பிரெஞ்சு என்று மூன்று வரி. அமஸிக் புத்தாண்டு "இன்னாயிர்" 2024 முதல் ஜனவரி 14-ல் அரசு விடுமுறை. நம் பொங்கலை ஒட்டி வருகிற நாள். அந்த வாரத்தில் அங்கே போகிறவர்கள் வங்கி வேலையை முன்னாடியே முடித்துக்கொள்ளட்டும்.

அந்தக் கூம்புச் சர்க்கரை பற்றி ஒரு பயனுள்ள செய்தி. "காலப் ஸுக்கர்" என்று கடையில் கேட்டால் நீலத்தாள் சுற்றிக் கொடுப்பார்கள். கல்யாணம், குழந்தைப் பேறு, துக்க வீடு எல்லாவற்றுக்கும் அதைத்தான் எடுத்துப் போகிறார்கள். மலைவீட்டுக்கு அழைக்கப்பட்டால் வேறு பரிசுக்கு அலைய வேண்டாம். பணம் கொடுத்தால் முகம் சுருங்கும் இடத்தில் இந்தச் சர்க்கரையை மறுப்பவர் இல்லை.

இனி வரைபடம். கொஞ்சம் தெரிந்தாலே மலைப்பாதை பேச ஆரம்பித்துவிடும். "அய்த்" என்றால் இன்னாருடைய மக்கள். "தீஸி" கணவாய், "அஸீஃப்" ஆறு, "அத்ரார்" மலை, "இமி" வாய், "இஃப்ரி" குகை. நடுவில் வரும் "ன்" நம் "உடைய". தீஸி ன் திஷ்கா, மராகேஷுக்கும் வர்ஸஸாத்துக்கும் நடுவே 2,260 மீட்டரில் இருக்கும் கணவாய். பெயரில் தீஸி இருந்தால் பஸ்ஸில் வாந்தி மாத்திரை எடுத்துவைத்துக்கொள்ளலாம் என்று எடுத்துக்கொண்டேன். இமி ன் இஃப்ரி என்றால் குகையின் வாய். சொல்லின் முன்னும் பின்னும் "த" ஒட்டிக்கொண்டால் பெண்பால் அல்லது சிறியது. "அகாதிர்" என்பது பெரிய நகரத்தின் பெயராகத்தான் நமக்குத் தெரியும். ஸூஸ் பக்கத்து மலைகளில் ஊர் முழுவதும் சேர்ந்து தானியம், எண்ணெய், பத்திரங்கள் எல்லாம் பூட்டிவைத்த கோட்டைக் களஞ்சியத்துக்கு அந்தப் பெயர். அய்த் பின்ஹத்து 1987-ல் யுனெஸ்கோ பட்டியலுக்குப் போன மண்கோட்டைக் கிராமம். அதைக் கஸ்பா என்று எல்லோரும் சொன்னாலும் சுவர் சூழ்ந்த முழுக் கிராமத்துக்கு "க்ஸார்" என்றுதான் பெயர். கஸ்பா ஒரு குடும்பத்தின் கோட்டை வீடு. வழிகாட்டி இதை எப்படிச் சொல்கிறார் என்று பார்த்தாலே அவருக்கு விஷயம் தெரியுமா என்று புரிந்துவிடும்.

கிராமங்களில் மாடிப்படி வயல்களுக்கு நடுவே ஓடும் வாய்க்கால் "தர்கா". அதை ஊரே சேர்ந்து தூர்வாரும் வேலைக்கு "திவிஸி". அந்த வேலை நடக்கும் நாளில் பாதையில் கூட்டமாக மண்வெட்டியோடு ஆட்கள் இருந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள், படம் எடுக்கும் முன் கேளுங்கள். "மும்கின் தஸ்வீரா?" என்பது போதும். பெண்கள் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். அது அங்கே "ஹ்ஷூமா", கூச்சமும் மானமும் சேர்ந்த ஒன்று. வற்புறுத்தக் கூடாது.

சாப்பாட்டுக்கு வருவோம், சைவக்காரர்கள் கவனிக்கவும். "ப்லா ல்ஹம்" என்றால் கறி வேண்டாம். ஆனால் அங்கே ல்ஹம் என்பது ஆடு, மாடு மட்டும். கோழி "ஜாஜ்", மீன் "ஹூத்". என் கணவர் சைவம். "ப்லா ல்ஹம்" என்று சொன்னதற்கு ஓர் உணவகத்தில் மலர்ந்த முகத்தோடு கோழி தஜீன் கொண்டுவந்து வைத்தார்கள். அதன் பிறகு நீட்டி "ப்லா ல்ஹம், ப்லா ஜாஜ், ப்லா ஹூத்" என்றே சொன்னோம். அதிலும் காய்கறி தஜீனின் குழம்பு, அதாவது "மர்க்கா", கறியோடு வெந்ததாக இருக்கலாம், மேலே காயை மட்டும் அடுக்கித் தருவார்கள். வெள்ளிக்கிழமை மதியத்தில் தரும், ரவை மாதிரியான குஸ்குஸும் அப்படித்தான். கவலையில்லாமல் சாப்பிட காலை நேரத்து "பிஸ்ஸாரா" இருக்கிறது. காய்ந்த மொச்சை இனத்துப் பயறைக் கடைந்து, ஆலிவ் எண்ணெயும் சீரகப் பொடியும் தூவித் தருவார்கள். "அதஸ்" என்கிற பருப்பும், "லூபியா" என்கிற வெள்ளைப் பயறும், கத்தரிக்காயைச் சுட்டு மசித்த "ஸஅலூக்"கும் சிறு கடைகளில் நன்றாகவே கிடைக்கும். காபிக்கு "நுஸ் நுஸ்" என்று கேளுங்கள், பாதி பால் பாதி டிகாக்‌ஷன். சர்க்கரை வேண்டாம் என்றால் "ப்லா ஸுக்கர்". தேநீருக்கு இதைச் சொன்னால் மட்டும் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

ஹமாம் என்றால் நமக்கு சோப்பு. அங்கே அது தெருவுக்குத் தெரு இருக்கும் வெந்நீர்க் குளியல் கூடம். விடுதிகளில் இருக்கும் அலங்கார ஹமாமைப் பற்றிச் சொல்லவில்லை, அக்கம்பக்கத்துப் பெண்கள் குழந்தைகளோடு வாளி தூக்கிக்கொண்டு போகும் ஹமாம். ஆண் பெண்ணுக்குத் தனித்தனி வாசல், இல்லையென்றால் தனித்தனி நேரம். உள்ளாடையோடு போகலாம், அப்படித்தான் எல்லோரும். கையில் கொண்டுபோக வேண்டியவை: "ஸாபூன் பெல்தி" என்கிற ஆலிவ் எண்ணெயில் செய்த கருஞ்சோப்பு, களிம்பு மாதிரி இருக்கும், "கீஸ்" என்கிற சொரசொரப்பான கையுறை, தலைக்கு "கஸ்ஸூல்" களிமண், ஒரு குவளை, உட்கார சின்னப் பாய், மாற்று உடை. மூன்று அறைகள், உள்ளே போகப் போகச் சூடு. சூடு "ஸ்ஃகூன்", குளிர்ச்சி "பாரித்". இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் போனால் தேய்த்துவிடும் பெண்ணிடம் பிழைத்துக்கொள்ளலாம். அவருக்குத் "தய்யாபா" என்று பெயர். கருஞ்சோப்பைப் பூசி ஊறவிட்டு, கீஸை மாட்டிக்கொண்டு கையை நீட்டச் சொல்லித் தேய்த்தார். தோள்பட்டையிலிருந்து சாம்பல் நிறத் திரிகளாக அழுக்கு உருண்டது. அதை எனக்கே எடுத்துக் காட்டி, "ஷூஃபி!", பார், என்று வெற்றிக் களிப்போடு சொன்னார். தினமும் குளிக்கிற ஊரிலிருந்து வந்தவள் என்பதெல்லாம் அவரிடம் எடுபடவில்லை.

வெளியே வந்து தலை துவட்டிக்கொண்டிருக்கையில் முன்பின் தெரியாத பெண்கள் ஒவ்வொருவராக "பிஸ்ஸஹ்ஹா" என்றார்கள். ஆரோக்கியமாக இரு என்ற வாழ்த்து. குளித்து வந்தவருக்கு, முடி வெட்டியவருக்கு, புதுச் செருப்பு போட்டவருக்கு, சாப்பிட்டு எழுந்தவருக்கு எல்லாம் இதுதான். பதில் "அல்லாஹ் யஅதீக் ஸஹ்ஹா". இந்தப் பதிலை ஒரு வெளியூர்க்காரி சொல்லக் கேட்டால் கூடமே திரும்பிப் பார்க்கும். இன்னொரு வாழ்த்தும் இருக்கிறது: "அல்லாஹ் யிர்ஹம் ல்வாலிதீன்", உன் பெற்றோருக்கு இறைவன் கருணை செய்யட்டும். பெற்றோர் இருக்கிறார்களா இல்லையா என்று பார்ப்பதில்லை, பெரிய உதவிக்கு இதுவே பெரிய நன்றி. ஷுக்ரனைவிடப் பல மடங்கு கனமானது. பஸ்ஸை நிறுத்தி ஏற்றிவிட்டவருக்கு, தொலைந்த பையை ஓடிவந்து தந்தவருக்கு.

"எந்த ஊர்?" என்று கேட்பார்கள். "ல்ஹிந்த்" என்றதும் ஷாருக் கான் பெயர் வரும், கொஞ்சம் வயதானவர் என்றால் அமிதாப் பச்சன். டாஞ்சியரில் நான் வேறு பதில் வைத்திருந்தேன். அந்த ஊர் விமான நிலையத்துக்கே உலகம் சுற்றிய பயணி இப்னு பதூதா பெயர்தான், 1304-ல் அங்கே பிறந்தவர். இலங்கையில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, ஆதம் மலை ஏறி, திரும்பும் வழியில் கப்பல் உடைந்து நம் கரையில் ஒதுங்கி, மதுரை சுல்தான் கியாசுத்தீனிடம் போனவர். அந்த சுல்தானின் மனைவியும் இவர் மனைவியும் உடன்பிறந்தவர்கள். அரபிகள் நம் கரையை "மஅபர்" என்றார்கள். "இப்னு பதூதா வந்த மஅபர்" என்று சொன்னபோது பழைய புத்தகக் கடைக்காரர் நாற்காலி இழுத்துப் போட்டார்.

கடைசியாக இரண்டு நடைமுறைச் சங்கதிகள். ஊர் விட்டு ஊர் போகும் பெரிய டாக்ஸியில் ஆறு பேர் ஏறினால்தான் வண்டி எடுப்பார்கள். ஓர் இருக்கை "பிளாஸா", நீங்கள் இருவர் என்றால் "ஜூஜ் பிளாயிஸ்". அவசரம் என்றால் காலி இருக்கைகளுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். நகருக்குள் ஓடும் சின்ன டாக்ஸியில் மூன்று பேர்தான். ஏறியதும் "கொன்தூர், அஃபாக்", மீட்டர் போடுங்கள், தயவுசெய்து, என்று மீட்டரைக் காட்டுங்கள். போட மறுத்தால் இறங்கி அடுத்த வண்டி.

தங்குமிடத்துக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தியில் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே எண்கள் வரும், தட்டச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலத்தில் இல்லாத அரபு ஒலிகளுக்கு எண் போடுகிறார்கள். 3 என்றால் தொண்டையிலிருந்து வரும் "அ", 7 என்றால் அழுத்தமான "ஹ", 9 என்றால் அடித்தொண்டைக் "க". ஆகவே ஹமாம் 7-ல் தொடங்கும், காபி, அவர்கள் சொல்லும் "கஹ்வா", 9-ல் தொடங்கும், "அஃபாக்" 3-ல் தொடங்கும். முகவரி அப்படி வந்தால் நீங்கள் படிக்க முயல வேண்டாம். ஃபோனை அப்படியே ஓட்டுநரிடம் நீட்டுங்கள். அவர் சத்தமாக வாசித்துவிட்டு, தெரியாவிட்டால் அவரே வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, லாபாஸில் தொடங்கி எல்லாம் விசாரித்து முடித்து, வண்டியை எடுப்பார்.